வானாய்வும் கணினியும்

பண்டைக் காலத்தில் வான நூலார் கண்ணாற் கண்டதைக் கையால் எழுதி வைத்தனர். பின்னர்த் தொலைநோக்கியோடு ஒளிப்படத் தகடு இணைந்தது. இன்றோ, ஒளியை மின்னாக மாற்றும் உணர்கருவி அத்தகட்டின் இடத்தைப் பெற்றுள்ளது. அது தருவது எண்களின் திரளே ஆகும். அவ்வெண்களை ஆராய்தற்குக் கணினியும், அதனை இயக்கும் மென்பொருளும் இன்றியமையாதன ஆயின.

அவ்வெண்களில் விண்மீனின் ஒளியோடு கருவியின் குற்றங்களும் கலந்திருக்கும். ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் சில எண்கள் தோன்றும். கருவியின் ஓரிடம் ஒளியை மிகுதியாகவும், மற்றோரிடம் குறைவாகவும் உணரும். காஸ்மிக் கதிர் தாக்கினால், மீன் இல்லாத இடத்திலும் மீன் போன்ற புள்ளி தோன்றும். ஆதலின், ஒளி புகாமல் மூடி எடுத்த படத்தின் எண்களை முதலிற் கழிப்பர். சீராக ஒளியூட்டிய திரையைப் படமெடுத்து, அதன் எண்களால் வகுப்பர். ஒரே இடத்தைப் பன்முறை படமெடுத்து, ஒன்றில் மட்டும் தோன்றும் புள்ளியை நீக்குவர். நெல்லினின்று பதரைப் பிரிப்பது போன்றது இப்பணி.

இக்குற்றங்கள் கருவிதோறும் வேறுபடும். ஆகவே, ஆய்வாளர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க மென்பொருளே இங்குப் பயன்படும். 1981-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ‘ஐராஃப்’ என்னும் மென்பொருளை உருவாக்கும் பணி தொடங்கிற்று. சிறுசிறு பணிகளாகப் பகுக்கப்பட்ட அதில், ஆய்வாளர் புதிய பணிகளைத் தாமே எழுதிச் சேர்க்க இயன்றது. 2011-ஆம் ஆண்டில் ‘ஆஸ்ட்ரோபை’ என்னும் கூட்டுமுயற்சி தோன்றிற்று. பைத்தான் மொழியில் அமைந்த இதன் நிரலை, அஃதாவது கணினிக்கு இடும் கட்டளைத் தொடரை, எவரும் விலையின்றிப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம். பல நாட்டு ஆய்வாளரும் இதனைப் பேணி வளர்க்கின்றனர்.

எனினும், மாற்றும் உரிமையில் இடரும் உண்டு. பொய்ப்புள்ளியை நீக்கும் அளவைக் கடுமையாக வைத்தால், இடம்பெயர்ந்து செல்லும் சிறுகோளும், சிறுபொழுது மின்னி மறையும் மெய்யொளியும் பதரோடு பதராக நீங்கிவிடும். அதனைத் தளர்த்தினாலோ, பொய்ப்புள்ளி விண்மீனாக எண்ணப்படும். எந்த அளவு தகும் என்பதை ஆய்வாளரே ஆராய்ந்து துணிதல் வேண்டும். துணிந்த அளவை எழுதி வைத்தலும், மாற்றிய நிரலைப் பிறர்க்குக் காட்டுதலும் அவர்தம் கடன். அப்போதுதான் மற்றொருவர் அதே எண்களைக் கொண்டு அம்முடிவைச் சோதித்தறிய இயலும். வழியை மறைத்து விடையை மட்டும் கூறினால், அவ்விடை சரியே ஆயினும் அறிவியல் அதனை ஏற்பதில்லை.