மலைக்கு ஸ்வெட்டர் அனுப்பும் முன்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி அங்கேதான் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வெளியூர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பள்ளி. அதே சேர்வராயன் மலையில்தான் செம்மநத்தம் என்ற சிற்றூரும் இருக்கிறது. இங்கே காலங்காலமாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள். மழைக்காலத்தில் துவைத்துப் போட்ட சீருடை இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாத மலை இது.

இந்த மலையூர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்ததும், கீழே இருக்கிற நமக்கு முதலில் தோன்றுவது ஸ்வெட்டர். ஆனால் மலைப்பகுதி அரசுப் பள்ளிகளில் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ் ஆகியவற்றை அரசே விலையில்லாமல் தருகிறது. நம் மனக்கண்ணில் தெரிவது ஒன்று, அந்த வகுப்பறையில் குறைவது வேறொன்று.

கொடுக்கும் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் செய்தது. வேறொரு கருத்துக்கணிப்புக்குக் கூலியாக ஐந்து ஒற்றை டாலர் நோட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு, நன்கொடை கேட்டார்கள். ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோகியாவின் கதையைப் படித்தவர்களோ 2.38 டாலர். கதையையும் கணக்கையும் சேர்த்துக் காட்டினால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43க்கு இறங்கிவிட்டது! ஒரு முகத்துக்கு இளகுகிற மனம், கணக்கு வந்ததும் கையை இழுத்துக்கொள்கிறது.

எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று கொடுப்பவரே தேர்ந்தெடுக்கும் முறை பலன் தருவதற்கு இந்த இளகல் ஒரு காரணம் என்பேன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000இல் 'டோனர்ஸ்சூஸ்' அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர் தன் வகுப்புக்கு வேண்டியதை எழுதுவார். விருப்பமுள்ளவர் அதற்கே பணம் தருவார். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் இதே வழிதான். நமக்கு இது புதிதும் அல்ல. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்கு என்ன இல்லை என்று பார்த்து, அதை வாங்கிக் கொடுத்தார்கள்.

பார்த்துக் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். கென்யாவின் புசியா பகுதியில் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இதைவிட நல்ல தானம் உண்டா? ஆனால் சராசரி மதிப்பெண் உயரவில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். அதே பகுதியில் குடற்புழு மாத்திரை கொடுத்த பள்ளிகளிலோ, பிள்ளைகள் வராத நாட்கள் கால்பங்கு குறைந்ததாக 2004இல் மிகெல், கிரெமர் இருவரும் எழுதினார்கள். புழு மாத்திரையோடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமையில் ஒரு குறையும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் உள்ள பள்ளிக்குக் கொடுக்கப் பல கைகள் நீளும். அப்படி யாரும் இல்லாத மலைப்பள்ளியை யார் தேர்ந்தெடுப்பது?

சொந்த ஊர்ப் பள்ளிக்குக் கட்டாயம் கொடுங்கள். கூடவே, உங்களுக்கு எந்த உறவும் இல்லாத மலைப்பள்ளி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தலைமை ஆசிரியரை அழைத்து, "என்ன வேண்டும், டீச்சர்?" என்று கேளுங்கள்.