வீட்டில் பொரிக்கும் குஞ்சின் அடக்கவிலை

நமது நாட்டின் கோழிச் செல்வத்தில் புறக்கடை வளர்ப்பின் பங்கு பெரிது. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, மொத்தக் கோழியினப் பறவைகள் 85.18 கோடி, அவற்றுள் 31.71 கோடி புறக்கடையில் வளர்பவை. சொந்த முட்டையை அடைவைத்துப் பெறும் குஞ்சுக்குச் செலவே இல்லை என்பது கிராமங்களில் பரவலான எண்ணம். இவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

மறைந்திருக்கும் செலவு

அடைவைக்கும் ஒவ்வொரு முட்டையும் விற்பனை முட்டையே. மேலும், கோழி 21 நாட்கள் அடைகாக்கிறது. பின்னர்ப் பல வாரங்கள் குஞ்சுகளைப் பேணுகிறது. அக்காலத்தில் அது முட்டையிடுவதில்லை. இவ்விழப்பும் குஞ்சின் கணக்கிலேயே சேரும்.

கோழிக்குப் பதிலாக மின் பொரிப்பானைக் கொள்ளலாம். ஆனால் அதில் வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிலைத்திருக்க வேண்டும். பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் அளித்து, வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்து வர வேண்டும். தாய்க்கோழி இலவசமாகச் செய்யும் பணிக்கு இங்கு மின்கட்டணம் செலுத்துகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கின் வசதிக்காக ஒரு முட்டையின் விலை 10 ரூபாய் எனக் கொள்வோம். அடைவைத்த 12 முட்டைகளின் மதிப்பு 120 ரூபாய். கோழி இடாமல் விட்ட முட்டைகளும் 12 எனில், மொத்தம் 240 ரூபாய். 12 முட்டைகளில் மூன்று கூமுட்டையாகி, ஒன்பது பொரிக்கின்றன. கவனிப்பின்றி விடப்பட்ட இவற்றைப் பருந்தும் கீரியும் குளிரும் நோயும் குறைத்து, மூன்று மட்டும் எஞ்சினால், ஒரு குஞ்சின் அடக்கவிலை 80 ரூபாய்.

இனி, முதல் நான்கு வாரங்களுக்குக் குஞ்சுக்கு அரைக் கிலோ வீதம், கிலோ 40 ரூபாய் விலையில் தீவனம் அளிப்போம். இதற்கு 180 ரூபாய். பஞ்சாரம், தண்ணீர்க்கலம், தடுப்பு மருந்து ஆகியவற்றுக்கு 120 ரூபாய். மொத்தச் செலவு 540 ரூபாயாக உயர்கிறது. எனினும் எட்டுக் குஞ்சுகள் பிழைத்தால் ஒன்றின் அடக்கவிலை 67 ரூபாய் 50 காசாகக் குறைகிறது. ஆறு மட்டுமே பிழைத்தாலோ அது 90 ரூபாயாகிவிடும். எனவே, தீவனம் அளித்துத் தடுப்பு மருந்தைத் தவிர்ப்பது சிக்கனமாகாது. அடக்கவிலையை முடிவு செய்வது செலவுத்தொகை மட்டுமன்று; பிழைத்த குஞ்சுகளின் எண்ணிக்கையுமாகும்.

கூட்டு முயற்சியின் தேவை

குஞ்சுகளை அழிக்கும் நோய்களுள் முதன்மையானது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல். குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்துச் சொட்டு இடுவது இதற்குக் காப்பாகும். ஆனால் ஒரு குப்பி மருந்து நூறு அல்லது அதற்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கானது. கரைத்தபின் சில மணி நேரத்திற்குள், குளிர்ச்சி குன்றாமல், பயன்படுத்தி முடிக்க வேண்டும். ஒன்பது குஞ்சுகளுக்காக ஒரு குடும்பம் குப்பி வாங்குவது கட்டுப்படியாகாது. பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே வாரத்தில் அடைவைத்தால், ஒரே நாளில் எல்லாக் குஞ்சுகளுக்கும் மருந்திடலாம், செலவும் பகிர்ந்துகொள்ளப்படும்.

2014-15இல் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தின்கீழ், தாய்ப்பண்ணைகளில் நான்கு வாரம் வளர்த்த குஞ்சுகள் வறிய குடும்பங்களுக்கு வழங்கப்பட்டதன் நோக்கமும் இந்த ஆபத்தான பருவத்தைக் கடக்கச் செய்வதே. சொந்தக் கோழியை நம்பும் குடும்பங்களுக்கும் அத்தகைய பாதுகாப்பு எட்ட வேண்டுமாயின், அடைவைக்கும் நாளை ஊரார் கூடி முடிவு செய்யவும், மருந்து குளிர்ச்சியோடு ஊர் வந்து சேரவும் கால்நடை மருந்தகங்களும் மகளிர் குழுக்களும் இணைந்து செயற்படுவது இன்றியமையாதது.