உத்தரவாதக் காலம் கடந்த கமெரா

கமெரா பழுதடைந்தால், உத்தரவாதக் காலம் கடந்துவிட்டதென்று நாம் அதனை மூலையில் போட்டுவிடுகிறோம். அதற்குமுன் 2005ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை அறிந்துகொள்வது நன்று.

அக்காலத்து டிஜிட்டல் கமெராக்கள் பலவற்றில் சோனி நிறுவனம் செய்த ஒளியுணரிகள் இருந்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அவற்றின் உள்ளிணைப்புகள் பழுதுற்றன. படங்கள் ஊதா நிறமேறிச் சிதைந்தன. சில கருவிகளில் படமே தோன்றவில்லை. பாவித்தவர்மீது குற்றமில்லை. ஆகவே, சோனியும் கெனன் முதலிய பிற நிறுவனங்களும் உத்தரவாதம் முடிந்த கருவிகளையுங்கூட இலவசமாகத் திருத்தித்தர முன்வந்தன.

அக்கருவிகளின் காலம் மறைந்தாலும் பாடம் மறையவில்லை. பற்றுச்சீட்டையும் தொடரிலக்கத்தையும் பேணி வைப்போம். பழுதின் தன்மையை எழுதிக் கொடுப்போம். குடும்பப் படங்கள் நிறைந்த நினைவட்டையைக் கழற்றிக்கொண்டே கருவியை ஒப்படைப்போம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆதலால், கேட்கத் தயங்காதிருப்போம்.