லயத்துச் சுவரும் கைப்பேசிச் சாட்சியும்

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் லயத்து அறைகளைப் பிரிக்கும் சுவர் எத்துணை மெல்லியது என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். இப்புறம் செய்யும் ஜெபம், அப்புறம் மாரியம்மனுக்கு விளக்கேற்றுபவர் காதில் விழும். அவர் வீட்டுச் சச்சரவும் நம் காதுக்குத் தப்பாது. அச்சுவரின் இருபுறமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்து வந்த மக்களிடையே இன்று கைப்பேசி என்னும் புதிய பிரசங்கி வந்து சேர்ந்திருக்கிறார்.

விசுவாசத்தை அறிவிப்பது கிறிஸ்தவர்களின் கடமை. தம் மதத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பும் அளித்திருக்கிறது. அதை மறுக்க நாம் வரவில்லை. எவ்வாறு அறிவிப்பது என்பதே நம் கேள்வி.

1854 ஆம் ஆண்டில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் கோப்பித் தோட்டந்தோறும் சென்று போதித்தனர். (‘கூலி’ என்ற அச்சொல் இன்று நம் செவியைச் சுடுகிறது, அக்காலத் துரைமாருக்குச் சுடவில்லை போலும்!) உபதேசியார் கூறியது பிடிக்காவிடில் வாசலிலேயே மறுத்துக் கேட்கலாம். பொய் கூறியிருந்தால், மறுமுறை அதே வாசலில் அவர் முகங்காட்டியாக வேண்டும். கைப்பேசியில் அனுப்புவோருக்கு அத்தொல்லை இல்லை.

கிறிஸ்தவர்கள் தம் அனுபவத்தைக் கூறுவதைச் ‘சாட்சி’ என்பர். நீதிமன்றத்திலும் அதே சொல்தான். அங்கே சாட்சி, தான் கண்டதை மட்டும் சொல்லவேண்டும். குறுக்கு விசாரணைக்கும் நிற்கவேண்டும். எவரோ அனுப்பியதை ஆராயாது நூறு பேருக்குத் தள்ளிவிடுவது சாட்சியாகுமா? பொய்ச்சாட்சியைப் பத்துக் கட்டளைகளே விலக்கியுள்ளன அன்றோ?

பக்கத்து அறையில் ஒரு தாய் நோயுற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்காக ஜெபிக்குமாறு வாட்ஸ்அப் குழுவிற்கு எழுதுகிறோம். நல்ல எண்ணந்தான். ஆயினும் நோயின் பெயர், கணவனின் குடிப்பழக்கம், படுக்கையில் கிடக்கும் படம் யாவும் உடன் செல்கின்றன. மறுநாள் காலைப் பிரட்டுக்களத்தில் அதுவே பேச்சு. கொழும்பில் வேலை செய்யும் மகளும் அந்நியர் மூலமாகவே அறிகிறாள். அத்தாயிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அவர் தேறியபின், மருந்தை விட்டதனால் சுகம் கிடைத்ததென எவரேனும் சேர்த்தெழுதினால், அதை நம்பி நீரிழிவுக்காரர் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிடக்கூடும். அவ்வுயிருக்கு யார் பொறுப்பு?

சொல் தீயாவது இந்நாட்டில் வெறுங்கற்பனை அன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்கள்மீது வன்செயல் மூண்டபோது, முகநூலில் பரவிய வெறுப்புரைகள் அதற்கு எண்ணெய் வார்த்தன. 2020 இல் அந்நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலேயே குண்டுகள் வெடித்தன. வெறுப்பின் விலையை இவ்வாறு தம் இரத்தத்தால் அறிந்தவர்கள், அயலார் வணங்கும் அம்மனைப் பேயென்று இகழும் காணொளியைப் பகிர்வது எங்ஙனம் பொருந்தும்? நம்பிக்கையைப் பற்றிக் கேட்போருக்கு மென்மையும் மரியாதையுமாக மறுமொழி கூறும்படியல்லவா பேதுரு தமது முதல் நிருபத்தில் எழுதினார்!

தவறானதொன்றை அனுப்பிவிட்டவர் அதை அழித்துவிட்டுப் பேசாதிருப்பது போதாது. ஆராயாமல் அனுப்பியதாக அதே குழுவில் எழுதவேண்டும். படத்திலிருந்த தாயிடம் நேரிற் சென்று மன்னிப்புக் கேட்கவேண்டும். அவ்வாசல் பெரும்பாலும் பத்தடித் தூரத்திலேதான் இருக்கிறது.