நாலு சக்கரமும் இழுத்தால் எல்லாம் ஒன்றா? தெரியுமா இந்த ரகசியம்?

திருப்பத்தில் வளையும்போது உங்கள் காரின் நாலு சக்கரங்களும் நாலு வெவ்வேறு தூரம் ஓடுகின்றன, தெரியுமா? உள்பக்கத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓடும். பின் சக்கரத்தைவிட முன் சக்கரம் கூடுதலாக ஓடும்! ஃபோர் வீல் டிரைவுக்கும் ஆல் வீல் டிரைவுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது!

ஃபோர் வீல் டிரைவ் உள்ள பழைய ஜீப்பைப் பாருங்கள். சாதாரணமாகப் பின் சக்கரங்கள்தான் அதைத் தள்ளும். டிரைவர் பக்கத்திலுள்ள குட்டி லீவரைப் போட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இனி இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கை நேர்செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில்? சறுக்க வழியே இல்லை! ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும், ஸ்டீயரிங் இறுகும், திருப்பத்தில் வண்டி குதித்துக் குதித்துப் போகும், சில சமயம் போட்ட லீவரைத் திரும்ப எடுக்கவே வராது!

ஆல் வீல் டிரைவில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஒரு டிஃபரென்ஷியலோ கிளட்ச்சோ உட்கார்ந்து, வேக வித்தியாசத்தை விழுங்கிவிடும். லீவரும் இல்லை, யோசிக்கவும் வேண்டாம். இன்னொன்று தெரியுமா? இந்தப் பெயரில் ஓடும் பல கார்கள் நல்ல ரோட்டில் பெரும்பாலும் முன் சக்கர இழுப்பில்தான் போகின்றன! முன் சக்கரம் வழுக்குகிறது என்று சென்சார் மோப்பம் பிடித்த நொடியில் கிளட்ச் இறுகி, பின் சக்கரங்களுக்கும் சக்தி பாய்கிறது.

ஆனால் டிஃபரென்ஷியலுக்கு ஒரு பலவீனம். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவதுபோல, சுழற்சி எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதைத் தேடி ஓடும். சேற்றில் மாட்டிய சக்கரம் சும்மா சுழல, கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் அசையாது! அதனால்தான் காட்டு வண்டிகளில் டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடும் 'டிஃப் லாக்'. அவற்றின் இன்னொரு ஆயுதம் 'ஃபோர் லோ' கியர். ஜீப் ராங்லர் ரூபிகானில் இதன் விகிதம் 4:1. சக்கரத்தின் முறுக்கு விசை நாலு மடங்கு, வேகம் கால் பங்கு! சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறைமேல் ஏறும் பாதைகளில் இதன் அருமை புரியும்.

ஃபோர் வீல் டிரைவின் பலமும் ஆல் வீல் டிரைவின் வசதியும் ஒரே வண்டியில் இருக்க முடியாதா? 1977-இல் வந்த ரஷ்யாவின் லாடா நிவாவில் எப்போதும் நாலு சக்கர இழுப்பு, நடுவே டிஃபரென்ஷியல், அதைப் பூட்ட ஒரு லீவர், லோ கியரும் உண்டு!

சரித்திரம் இன்னும் வியப்பு! 1903-லேயே நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் நாலு சக்கரமும் இழுக்கும் பந்தயக் கார் செய்துவிட்டது. 1961-இல் ஸ்டெர்லிங் மாஸ், ஃபெர்குசன் பி99 என்ற நாலு சக்கர இழுப்புக் காரில் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் பந்தயத்தை வென்றார். ஃபார்முலா ஒன் பந்தயம் வென்ற ஒரே நாலு சக்கர இழுப்புக் கார் அதுதான். ஃபின்லாந்துப் பனியில் சோதனை ஓட்டம் நடந்தபோது, ஃபோக்ஸ்வேகன் இல்ட்டிஸ் என்ற எளிய நாலு சக்கர இழுப்பு ராணுவ வண்டி பெரிய இன்ஜின் வைத்த ஆடி கார்களைத் திணறடித்தது. அதில் பிறந்த யோசனைதான் 1980-இல் ஜெனிவாவில் அறிமுகமான ஆடி குவாட்ரோ! அடுத்த ஆண்டே அதில் மிஷெல் மூட்டோன் சான்ரெமோ ராலியை வென்று, உலக ராலி சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார்.

ஒன்றை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள்: ஃபோர் வீல் டிரைவ், ஆல் வீல் டிரைவ் இரண்டுமே பிரேக் போடும்போது உதவாது! எந்தக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான். மழை ரோட்டில் கிளம்புவது சுலபம், நிறுத்துவது டயரின் கையில்.

ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களே, ஒரு டயர் கிழிந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றாதீர்கள்! புது டயரின் சுற்றளவு தேய்ந்ததைவிடச் சற்றே அதிகம். நேர் ரோட்டிலும் வண்டி வளைந்துகொண்டே இருப்பதாக எண்ணி நடு டிஃபரென்ஷியலும் கிளட்ச்சும் ஓயாமல் உழைத்துச் சூடேறித் தேயும். பல தயாரிப்பாளர்கள் நாலையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதற்காகத்தான்!