ஆறு மாட்ச், அஞ்சு பாயிண்ட்!

டிரையல் பாலன்ஸ் டாலி ஆகாத ராத்திரியில் ஒரு அக்கவுண்டண்ட் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? 2019-ல் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நான் அந்த முகத்தோடுதான் அலைந்துகொண்டிருந்தேன். காரணம் கணக்கு இல்லை. கால்பந்து!

சென்னையின் எஃப்.சி. என் டீம். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்த நாளிலிருந்து. பி.காம். ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவது வழக்கம். 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது நம்ம அரையிறுதி மாட்ச்சை புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு பேரும் டீக்கடை டி.வி.யில் நின்றபடி பார்த்தோம். அந்த வருஷ ஃபைனலில் கடைசி நிமிஷங்களில் கோவாவிடமிருந்து கோப்பையைப் பிடுங்கியபோது, டீக்கடைக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை. 2018-ல் இரண்டாவது கோப்பை. வாழ்க்கை சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தது 2018-19 சீசன். பதினெட்டு மாட்ச், மொத்தமே ஒன்பது பாயிண்ட், பத்து டீமில் பத்தாவது இடம். நாலு பேரில் ஒருத்தன், "மச்சான், இனிமே கோப்பை ஜெயிச்சா சொல்லியனுப்பு" என்று கழன்றுகொண்டான். இன்னொருத்தனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் திடீரென்று மாமனார் வீட்டுப் பாசம் பொங்கியது.

ஆக, 2019 அக்டோபர் 27-ம் தேதி, தீபாவளியன்று சாயந்திரம், மும்பைக்கு எதிரான மாட்ச்சுக்கு நானும் இன்னொருத்தனும்தான். "நல்ல நாளும் அதுவுமா எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்ட அம்மாவிடம் ஆபீஸ் அர்ஜண்ட் என்று புளுகினேன். ஊரெல்லாம் வெடிச் சத்தம். உள்ளே ஒரு புஸ்வாணம்கூட இல்லை. 0-0. முதல் நாலு மாட்ச்சில் நம்ம டீம் ஒரே ஒரு கோல்கூடப் போடவில்லை ஸார். கோவாவில் 0-3, மும்பையோடு 0-0, ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூரில் 0-3. மறுநாள் ஆபீஸில் என் மேஜைக்கு எதிர் மேஜை. அவர் கொச்சிக்காரர், கேரளா பிளாஸ்டர்ஸ் பக்தர். "எந்தா சாரே, கோல் போஸ்ட் எந்தப் பக்கம் இருக்குன்னு உங்க ஆளுகளுக்கு யாராவது சொன்னாங்களா?" என்பார். வவுச்சரில் தலையைப் புதைத்துக்கொள்வேன்.

கோளாறு எங்கே என்று எனக்கு அப்போதே ஓரளவு புரிந்தது. டீம் மிகவும் பின்னால் உட்கார்ந்து ஆடியது. கோல் வாங்கிவிடுவோமோ என்ற பயம். தடுப்பு வரிசைக்கும் முன்னால் நிற்கும் ஆளுக்கும் நடுவே ஒரு மைதானமே காலியாகக் கிடந்தது. முன்னால் நின்றவர் நெரியஸ் வால்ஸ்கிஸ். லித்துவேனியாக்காரர், முப்பத்திரண்டு வயசு. கல்யாண வீட்டில் தெரிந்தவர் யாருமில்லாத விருந்தாளி மாதிரி தனியாக நிற்பார். பந்து அவரிடம் வருவதற்குள் இலை எடுத்துவிடுவார்கள். பிரேஸில்காரர் ரஃபேல் கிரிவெலாரோ என்று ஒருவர். இடது காலில் பந்தை ஒட்டவைத்துக்கொள்ளத் தெரிந்தவர். அவரும் தடுக்க உதவுகிறேன் பேர்வழி என்று பாதி நேரம் நம்ம கோலுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 25, ஹைதராபாத் மாட்ச். தொண்ணூறு நிமிஷமும் கோல் இல்லை. கூட வந்தவன், "டிராஃபிக்குக்கு முன்னாடி கிளம்பலாண்டா" என்று எழுந்து போய்விட்டான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கூடுதல் நிமிஷங்களில் மூன்று கோல்! மால்ட்டா நாட்டு ஆந்த்ரே ஷெம்ப்ரி ஒன்று போட, அவர்கள் திருப்பிப் போட, அழப் போன நேரத்தில் வால்ஸ்கிஸ் இன்னொன்று போட்டார். 2-1. வேப்பேரி சிக்னலில் நின்றுகொண்டிருந்த நண்பனுக்கு போன் செய்தேன். அவன் பேசிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அடுத்து ஒடிஷாவோடு 2-2. ஆறு மாட்ச், அஞ்சு பாயிண்ட், நாலு கோல். நவம்பர் கடைசியில் கோச் ஜான் கிரிகரி விலகினார். 2018-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதால் எனக்கு வருத்தம். டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் காயில் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்தில் பர்ன்லி, போல்ட்டன் டீம்களை நடத்தியவர்.

இங்கே நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். ஒப்புக்கொள்கிறேன். "சீசன் பாதியில கோச்சை மாத்தறது, ஆடிட் நடுவுல அக்கவுண்டண்ட்டை மாத்தற மாதிரி. அதே லெட்ஜர், அதே பாக்கி, ஆள் மட்டும் புதுசு. என்னத்தைக் கிழிக்கப் போறார்?" என்று கேண்டீனில் பிரசங்கம் செய்தேன். கொச்சிக்காரர் உடனே, "அப்ப பந்தயம் கிடையாதா?" என்றார். ரோஷம்! முதல் நாலு இடத்துக்குள் சென்னை வரும் என்று, நான் பேசியதற்கு நேர் எதிராக நானே பந்தயம் கட்டினேன். தோற்றால் ஒரு மாசம் அவருக்குப் புரோட்டா சால்னா என் செலவு.

காயில் வந்து ஆட்களை மாற்றவில்லை. நிற்கிற இடத்தை மாற்றினார். மொத்த டீமையும் முன்னால் தள்ளினார். கிரிவெலாரோவை வால்ஸ்கிஸுக்குப் பின்னால் கட்டவிழ்த்து விட்டார். 'தடுக்கிற வேலையைப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ பந்தை வாங்கித் திரும்பு' என்கிற மாதிரி. ஒரு பக்க ஓரத்தில் மிஸோரம் பையன் லாலியன்ஸுவாலா சாங்தே. கால் இருக்கிறதா, மோட்டார் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். நடுவில் அனிருத் தாபா. எதிராளி கோல் கீப்பரிடம் பந்து இருக்கும்போதே போய் நெருக்குவது, பிடுங்கியவுடன் இரண்டு மூன்று பாஸில் கோலுக்குப் போவது. சூத்திரம் அவ்வளவுதான். இதில் அபாயமும் உண்டு. பின்னால் இடம் காலியாகும், கோல் வாங்குவோம். வாங்கினோம்.

முதல் மாட்ச் ஜாம்ஷெட்பூரோடு 1-1. கடைசி நிமிஷங்களில் கோட்டைவிட்டோம். அடுத்தது கேரளா. பாதி நேரத்துக்குள்ளேயே மூன்று போட்டு 3-1. மறுநாள் கொச்சிக்காரர் லீவு. வைரல் ஃபீவராம். டிசம்பர் 26, கோவா. அந்த வருஷ லீக்கில் முதலிடம் பிடித்த டீம் அது. பந்தைப் பின்னிப் பின்னி ஆடுவார்கள். கோரோ, ஹ்யூகோ பூமூ, அஹமத் ஜாஹு என்று மூன்று பேர் சேர்ந்தால் எதிராளிக்குத் தலை சுற்றும். மூன்று கோல் வாங்கிவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். டீம் பின்வாங்கவில்லை. திருப்பித் திருப்பி மேலே ஏறியது. முடிவில் 3-4. தோற்ற மாட்ச்தான். ஆனாலும் வெளியே வரும்போது ஜனங்கள் தோற்ற மாதிரி பேசவில்லை. கோவா டீமின் பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஜனவரி 6, புவனேஸ்வரில் 0-2. மறுபடி கணக்குப் போட்டேன். பத்து மாட்ச் முடிவில் ஒன்பது பாயிண்ட். போன வருஷம் முழு சீசனுக்கும் வாங்கியது அதே ஒன்பது! கொச்சிக்காரர் புரோட்டாக் கடை மெனுவையே மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். நண்பர்கள் குரூப்பில் "சீசனுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று ஒருத்தன் மாலை போட்ட படம் அனுப்பினான்.

மிச்சம் எட்டு மாட்ச். அதில் ஐந்து வெளியூர்.

ஹைதராபாத்தில் 3-1. சென்னையில் நார்த் ஈஸ்ட்டை 2-0. ஜாம்ஷெட்பூரை 4-1. மூன்றாவது மாட்ச்சுக்கு வேப்பேரி சிக்னல்காரன் வந்துவிட்டான். ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, "போன வாரமே வந்திருப்பேன், ஃபைல் மூவ் ஆகலை" என்றான்.

பிப்ரவரி 1, கொச்சி. இதை மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கேரளா கோச் ஈல்கோ ஷட்டோரி டச்சுக்காரர். பந்தைத் தூக்கி அடிக்காமல் கோல் கீப்பரிலிருந்தே பாஸ் பண்ணி வெளியே வர வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். பார்க்க அழகு. ஆனால் காயில் டீமுக்கு இதைவிட நல்ல இரை கிடையாது. முதல் கோலே கீப்பர் தவறாகக் கொடுத்த பாஸைக் கிரிவெலாரோ பிடித்துப் போட்டது. பாதி நேரத்தில் 3-0. பிறகு கேரளாவின் ஓக்பெச்சே தனியாளாக ஹாட்ரிக் அடித்தார். அந்த மனுஷனுக்குக் கும்பிடு! ஒவ்வொரு தடவை அவர் போட்டபோதும் நம்ம ஆட்கள் பதிலுக்கு ஒன்று போட்டார்கள், அல்லது போட வந்தார்கள். கிரிவெலாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்தே இரண்டு. 6-3. பழைய டீமாக இருந்தால் 3-0 ஆனதும் பத்துப் பேரும் கோலுக்குள் போய் நின்றிருப்பார்கள்.

திங்கட்கிழமை கொச்சிக்காரர் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் என் மேஜையில் ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் வைத்துவிட்டுப் போனார்.

பெங்களூரோடு 0-0. அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஆடுகிற டீம். முன்னால் ஏறுகிற டீமுக்குக் கஷ்டமான ஜோடி. கல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1. அங்கே இடது ஓரத்தில் ஓடிய மைக்கேல் சூசைராஜ் நம்ம கன்யாகுமரி மாவட்டத்துப் பையன். எதிர் டீமில் இருந்தாலும் அவர் காலில் பந்து வந்தால் எனக்குக் கை தட்ட வரும். நம் நடுக்களத்தில் எட்வின் சிட்னி வான்ஸ்பால். அதற்கு முந்தைய வருஷம் சென்னை சிட்டிக்காக ஐ-லீக் ஜெயித்த தமிழ்நாட்டு ஆள்.

பிப்ரவரி 21, மும்பை. அவர்களுக்கு அது கடைசி லீக் மாட்ச், 26 பாயிண்ட். நமக்கு 25, இன்னும் ஒரு மாட்ச் பாக்கி. ஜெயித்தால் நாலாவது இடம் நமக்கே. ஜெயித்தோம், 1-0. போட்டவர் ருமேனியாக்காரர் லூசியன் கோயன். தடுப்பாட்டக்காரர், முன்பு மும்பைக்கே ஆடியவர்! கடைசி மாட்ச் 2-2. மொத்தம் 29 பாயிண்ட். என் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். முதல் ஆறு மாட்ச்: 5 பாயிண்ட், 4 கோல். அடுத்த பன்னிரண்டு: 24 பாயிண்ட், 28 கோல். அதே லெட்ஜர்தான் ஸார். கேண்டீனில் செய்த பிரசங்கத்தை வாபஸ் வாங்கினேன். புரோட்டாவுக்கு அவர் பணம் கொடுத்தார், நான் சால்னா மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

அரையிறுதி கோவாவோடு. பிப்ரவரி 29, சனிக்கிழமை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தேதியில், வெகு நாளைக்கப்புறம் நாங்கள் நாலு பேரும் அதே நாலு சீட்டில். மாமனார் வீட்டுக்காரன் மாமனாரையே கூட்டிவந்தால் என்ன செய்வது என்று பயந்தேன், நல்லவேளை. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் அந்த ஓட்டை திறந்தது. கோயன், தாபா, எலி சாபியா, சாங்தே. அரை மணிக்குள் நாலு! 4-1. எனக்கு மூன்று நாள் குரல் இல்லை. ஆபீஸில் சைகையிலேயே குவார்ட்டர் க்ளோஸிங் வேலை பார்த்தேன். கோவாவில் அவர்கள் 4-2 ஜெயித்தார்கள், ஆனால் மொத்தக் கணக்கில் 6-5 நமக்கு.

ஃபைனல் மார்ச் 14, மட்காவ். நாலு பேருக்கும் ரயில் டிக்கெட் நான்தான் போட்டேன். ஒருத்தன் புதுசாக ஒரு நீலச் சட்டை வாங்கினான். இன்னொருத்தன் மனைவியிடம் ஆடிட் டூர் என்று சொன்னான். புறப்பட இருந்த நேரத்தில் அறிவிப்பு வந்தது. கொரோனா. ஸ்டேடியத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை.

அவரவர் வீட்டில் அவரவர் டி.வி.யில் பார்த்தோம். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஃபைனல். உதைபடும் பந்தின் சத்தம் கேட்டது, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏ.டி.கே. 3-1. ஹாவி ஹெர்னாண்டஸ் இரண்டு, எடு கார்சியா ஒன்று. நமக்கு வால்ஸ்கிஸ் ஒன்று. பதினைந்து கோலோடு கோல்டன் பூட் அவருக்கு. கையில் வாங்கியபோது அவர் முகத்தில் சிரிப்பைத் தேடினேன்.

காயில் ஏன் அன்றைக்குப் பின்வாங்கி ஆடவில்லை என்று சிலர் கேட்டார்கள். கேட்பவர்கள் அந்த முதல் நாலு மாட்ச்சைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பத்து நாளில் ஊரடங்கு. கொச்சிக்காரர் ஊருக்குப் போனவர் அங்கேயே வேறு வேலை பார்த்துக்கொண்டார். நாலு பேரில் ஒருத்தன் பஹ்ரைனில், ஒருத்தன் ஓசூரில். சிக்னல்காரன் மட்டும் சென்னையில் இருக்கிறான், இப்போதும் தொண்ணூறாவது நிமிஷத்தில் எழுந்திருக்கிறான், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கிறேன். ரயில்வே திருப்பித் தந்த டிக்கெட் பணத்தை நாலாகப் பிரித்து அனுப்பினேன். மூன்று பேரும் வாங்கிக்கொள்ளவில்லை. "அடுத்த ஃபைனலுக்கு வெச்சுக்கோடா" என்றார்கள். தனியாக எழுதி வைத்திருக்கிறேன், சஸ்பென்ஸ் அக்கவுண்டில்.