முதுமையா, இரத்தக் கொதிப்பா?

உங்கள் இல்லத்துப் பெரியவரைச் சற்று உற்று நோக்குங்கள். கடைக் கணக்கை மனத்தாலேயே கூட்டிச் சொன்னவர், இப்போது தாளில் எழுதிக் கூட்டியும் தடுமாறுகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. ஆனால் தாமதித்து வருகிறது. நடையும் தளர்ந்துவிட்டது. "வாப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். வயது காரணமாக இருக்கலாம்தான். ஆனால் பல்லாண்டுகளாகக் கவனிக்கப்படாத இரத்தக் கொதிப்பும் இதே வேலையைச் செய்யும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மூளையின் மேற்புறம் சாம்பல் நிறமானது. அதன் கீழே, மூளையின் ஏறக்குறைய பாதி அளவுக்கு வெண்பகுதி அமைந்துள்ளது. இது நரம்பிழைகளின் பெருந்தொகுதி. மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல, இவ்விழைகளின் மீது மயலின் எனும் கொழுப்புறை உண்டு. வெண்மை அதன் நிறமே. மூளையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு தொடர்பு கொள்வது இவ்விழைகளின் வழியாகத்தான்.

இப்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் மிக நுண்ணியவை. நீண்டு ஆழமாகச் செல்பவை. ஒன்று அடைபட்டால் மற்றொன்று துணைக்கு வருவது அரிது. உயர்ந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது அவற்றின் சுவர்கள் தடித்து இறுகி, உள்வழி குறுகிவிடுகிறது. இரத்தம் குறைந்த இடத்தில் மயலின் உறை சிதைகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடங்கள் பளிச்சிடும் திட்டுகளாகத் தெரியும். வலி இல்லை, மயக்கம் இல்லை. செய்தி போய்ச் சேருகிறது, தாமதமாகச் சேருகிறது. ஆகவேதான் இத்தகையோரிடம் நினைவாற்றல் குறையும் முன்பே சிந்தனையின் வேகமும் நடையின் வேகமும் குறைவதைப் பலவேளை காண்கிறோம்.

இதைத் தடுக்க இயலுமா? அமெரிக்காவில் 2010இல் 'ஸ்பிரின்ட்' எனும் ஆய்வு தொடங்கிற்று. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 9,361 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழும், மறுசாராருக்கு 140க்குக் கீழும் கொண்டுவர முயன்றனர். அவர்களுள் சிலருக்கு மூளைப் படம் எடுத்துப் பார்த்த முடிவு 2019இல் வெளிவந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் திட்டுகளின் அளவு முதல் சாராருக்கு 0.92 கன சென்டிமீட்டரும், மறுசாராருக்கு 1.45 கன சென்டிமீட்டரும் கூடியிருந்தது. கவனியுங்கள்: இரு சாராருக்குமே கூடத்தான் செய்தது. சிகிச்சை சிதைவின் வேகத்தைக் குறைத்தது, அறவே நிறுத்திவிடவில்லை. ஆகவே, தொடக்கத்திலேயே கவனிப்பதுதான் இலாபம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே கூட்டிவிடாதீர்கள். அளவுக்கு மீறிக் குறைந்தால் தலைசுற்றி விழ நேரிடும். எவருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. "தலைவலி இல்லையே, பிறகு எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் சீராக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே வேளையில் கூடும் தட்டில் அது எங்ஙனம் நிற்கும்?

நோன்பு மாதத்தில் பகல் மாத்திரையைச் சொல்லாமலேயே விட்டுவிடுவோரும் உண்டு. ஸஹருக்கும் இப்தாருக்கும் பொருந்துமாறு வேளையை மாற்றித் தர இயலுமா என்று, தலைப்பிறைக்குச் சில வாரங்கள் முன்பே வாப்பாவை அழைத்துச் சென்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அவருடைய நடை தளர்ந்திருப்பதையும் அப்போதே சொல்லுங்கள்.